பன்னிரண்டாயிரம் லிட்டர்னு சொன்னியே தம்பி, மிச்சம் எங்கே?

தண்ணி டேங்கர்காரர்களுக்கு ஓர் அளவு வைக்க இந்த பெங்களூரில் யாருக்குமே துப்பில்லையா?

காலையில் ஆறு மணிக்கு போன் செய்தால், "இதோ வந்துட்டேன் மேடம், சிக்னல்ல நிக்கறேன்." ஒன்பது மணிக்கும் அதே சிக்னல். பதினோரு மணிக்கு போனையே எடுக்கவில்லை. பிள்ளைகள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். மாமியார் கேன் தண்ணியில் விளக்கைத் துலக்கினார். மதியம் ஒரு மணிக்கு வந்தவன் நாலு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, "பைப் எட்டல மேடம்" என்கிறான். ரிவர்ஸ் எடுக்க வைக்கவே அரை மணி நேரம் கெஞ்சல். பைப் மூட்டில் ஒழுகியது பாதி சாக்கடைக்கு. இறுக்கிக் கட்டச் சொன்னால் காது கேட்காதது மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அப்புறம் வால்வை மூடி, "லோடு காலி. பணம்?"

வாசலில் தரைக்கடியில் இருக்கிற தொட்டி, அதான் சம்ப், அதன் மூடியைத் திறந்து கம்பை விட்டுப் பார்த்தேன். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி ஆழம். முழுக்க நிரம்பினாலே சுமார் 9,500 லிட்டர்தான் கொள்ளும். 12,000 லிட்டர் லோடு இறங்கினால் வழிந்து வாசல் நனைய வேண்டும். கம்பில் ஈரம் ஐந்தடி. அதாவது 6,800 லிட்டர். ஐயாயிரம் லிட்டருக்கு மேல் எங்கே போனது?

"உங்க சம்ப்ல லீக் இருக்கும் மேடம். வேணாம்னா வேற வண்டி பாத்துக்குங்க."

வேற வண்டி! இந்த ஏரியாவில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் முதலாளி ஒரே ஆள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு முழுப் பணமும் கொடுத்தேன். பெட்ரோல் பங்கில் மீட்டர் ஓடுகிறது, பால் பாக்கெட்டில் அளவு அச்சடித்திருக்கிறது, தண்ணிக்கு மட்டும் அவன் வாய்ச்சொல்தான் அளவா?

2024 மார்ச்சில், ஊரே வறண்டு கிடந்தபோது, மாவட்ட நிர்வாகம் டேங்கர் தண்ணிக்கு விலை வைத்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். எங்கள் தெருவுக்கு அந்த விலையில் ஒரு வண்டி கூட வந்ததில்லை. வந்திருந்தாலும் என்ன? விலையை வைத்தவர்கள் உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆளை வைத்தார்களா?

எங்கள் ஹொரமாவு பக்கமெல்லாம் 2007-லேயே மாநகராட்சியோடு சேர்ந்தாச்சு. அப்படிச் சேர்த்த 110 கிராமங்களுக்காகத்தான் காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம். 2024 அக்டோபரில் திறந்தார்கள், ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர். இனி டேங்கரே வேண்டாம் என்று நம்பி இணைப்புக்குப் பணம் கட்டினோம், மீட்டரும் வைத்தாச்சு. எங்கள் வீடு தெருக்கோடியில், மேட்டில். கீழ் வீடுகள் பிடித்தது போக இங்கே சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. வீடு வாங்கும்போது புரோக்கர் சொன்னது: "இருபத்துநாலு மணி நேரமும் காவிரி, நடக்கிற தூரத்தில் பார்க்." பார்க் இருக்கிறது. எப்போதும் பூட்டு.

இதில் குப்பை ஆட்டோ வேறு. இன்றைக்கும் தெருமுனையிலேயே திரும்பிப் போய்விட்டது! உலர் குப்பை எந்தக் கிழமை என்று கேட்டால் ஆளுக்கொரு கிழமை சொல்கிறார்கள்.