அந்த ஒத்தை யூஎஸ்பி பிரின்டர்

வரவேற்பு மேசைக் கணினியில் யூஎஸ்பி வயரால் கட்டிப்போட்ட பிரின்டரை ஆபீஸ் முழுக்கப் பகிரலாமாம். பகிரலாம், அந்தக் கணினி தூங்காதவரை! அது ஸ்லீப்புக்குப் போனால் எல்லோருக்கும் 'ஆஃப்லைன்'. டர்பனில் மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தாலும் கணினி தானாக எழாது. தானாக எழும்படி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், யார் மாற்றி வைத்தார்கள்? பெருக்கும்போது வயரைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினால் தீர்ந்தது கதை. கணினியின் பட்டியலில் 'காப்பி 1' என்று புதுப் பிரின்டர் பிறக்கும். பகிர்ந்திருப்பதோ பழையது, அனுப்பியதெல்லாம் அதன் வரிசையிலேயே கிடக்கும். நெட்வொர்க் அமைப்பு 'பப்ளிக்' என்று மாறிவிட்டால், கணினியின் காவல்காரனான ஃபயர்வால் கதவடைக்கும். 2021 செப்டம்பர் விண்டோஸ் அப்டேட் வேறு, பாதுகாப்பு என்ற பெயரில் எத்தனை ஆபீஸ்களின் பகிர்ந்த பிரின்டர்களை முடக்கியது! பிரின்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலரை நிறுத்தி, தேங்கியதை அழித்து, மறுபடி தொடங்கினால் ஒரு பக்கம் வரும். அதுவும் பாதி. நேராக நெட்வொர்க்கில் மாட்ட ஈதர்நெட் உள்ள பிரின்டர் வாங்கத்தான் பட்ஜெட் இல்லையாம்!