எலிகளின் வயதையும் சொல்லுங்கள்

நோய்த்தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினையால் சொந்த உறுப்புகளே பழுதாகும் நிலையான செப்சிஸ் கண்ட எலிகளைப் புதிய மருந்து பிழைக்க வைத்தது என்று உங்கள் இதழின் கட்டுரை தந்த செய்தி மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் அவை எத்தகைய எலிகள் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுக்கூட எலிகள் பெரும்பாலும் இளவயதின, நோய்க்கிருமிகள் அண்டாத கூண்டுகளில் வளர்பவை. அவற்றின் நோயெதிர்ப்பு அமைப்பு பச்சிளங்குழந்தையினுடையதை ஒத்திருப்பதையும், செல்லப்பிராணிக் கடை எலிகளோடு சேர்த்து வைத்த பின் வளர்ந்த மனிதருடையதை நெருங்குவதையும் 2016-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்கோ முதிர்ந்த வயது, நெடுநாள் சர்க்கரை நோய். காலில் முள் குத்திய புண் பழுத்து, குளிர் நடுக்கம் கண்டு, பேச்சு குழறி, இரத்த அழுத்தம் மளமளவெனச் சரிந்தது. இத்தகையவர்களையே செப்சிஸ் எளிதில் வீழ்த்துகிறது என்பதால், வயது முதிர்ந்த, சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு, ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றிய நிலையில், அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்களா என்பதைக் கட்டுரையாளர் விளக்க வேண்டுகிறேன்.