வௌவாலை வில்லனாக்கும் கதைகள்

கொள்ளைநோய் வரும் அறிவியல் புனைகதை, சினிமா எது கிடைத்தாலும் நான் விடுவதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் மிருகங்களுக்கு இரண்டே வேஷம்தான். நோயைக் கொண்டு வரும் வில்லன், இல்லையென்றால் மனிதன் ஒழிந்த பிறகு உலகத்தை எடுத்துக்கொள்ளும் வாரிசு. 2011இல் வந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் மறதி நோய்க்கு உருவாக்கிய வைரஸ் மருந்து குரங்குக்கு அறிவைக் கொடுக்கிறது, மனிதனைக் கொல்கிறது. அடுத்த பாகத்தில் இரு தரப்பும் சேர்ந்து வாழப் பார்ப்பார்கள். சரி, இப்போதாவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் துப்பாக்கியைத் தூக்கிவிடுவார்கள்.

அதே வருஷம் வந்த 'கன்டேஜியன்' எனக்கு ஒரு படி மேல். அதன் கடைசி நிமிடங்களைப் பாருங்கள். புல்டோசர் மரத்தைச் சாய்க்கிறது. கிளம்பிய வௌவால் வாழைப்பழத் துண்டைப் பன்றிக் கொட்டகையில் நழுவவிடுகிறது. அதைத் தின்ற பன்றி, சமையல்காரர் கைக்குப் போகிறது. வசனமே இல்லை. 1998-99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பரவியதும் ஏறக்குறைய இப்படித்தான். பன்றிப் பண்ணையை ஒட்டியே பழமரங்கள், பழந்தின்னி வௌவால், கீழே விழுந்த எச்சில் பழம். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். வௌவால் உடம்பிலோ அந்தக் கிருமி பெரிய தொந்தரவு செய்யாமல் குடியிருக்கிறது.

2018இல் கோழிக்கோட்டில் நிபா என்றதும், சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெரு பாதாம் மரத்துக்குக் கெட்ட நேரம் வந்தது. ராத்திரி வௌவால் வந்து போனால், விடிந்ததும் மொட்டை மாடி முழுக்க நார் நாராகச் சப்பிப் போட்ட கொட்டைகள் கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா மரம் வெட்ட ஆளே சொல்லிவிட்டார். இளநீர் விற்கும் பெரியவர்தான் கேட்டார்: "மரத்த வெட்டிப்புட்டா அது எங்க போவும்? அடுத்த தெருவுக்குத்தானே?"

ஹாலிவுட் புல்டோசரை வைத்துச் சொன்னதை அவர் இளநீர் சீவிக்கொண்டே சொல்லிவிட்டார். மரம் தப்பியது. கடித்த பழத்தை யாரும் தொடக்கூடாது, மாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

அப்புறம் ஏற்காட்டுக் குரங்குகள். கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்திச் சிப்ஸ் நீட்டுகிற அதே ஆள், குரங்கு பையைப் பிடுங்கினால் வனத்துறையைத் திட்டுவார். கர்நாடகத்தில் 1957இல் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல் உண்ணி கடித்துப் பரவுவது. பழி குரங்குக்கு, ஆனால் அந்த நோயில் குரங்குகளும் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அங்கே சுகாதாரத் துறை உஷாராகிவிடும். இதை வைத்து ஒரு நல்ல நாவலே எழுதலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில், இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நடப்பதாக யாராவது எழுதுங்களேன். எந்தப் பழம் யாருக்கு, எந்த மாதம் எந்தப் பாதையில் மனிதன் நடக்கக்கூடாது என்று பஞ்சாயத்து நடக்கட்டும். விண்கலம் இல்லாவிட்டால் பரவாயில்லை. காட்டெருமை கட்டாயம் வேண்டும்.