எதிர்ப்பு மனு போட இனி வாசலிலேயே ஒரு கேள்வி

என் சித்தப்பாவுக்கு 2011-இல் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தது. மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி. நோய் குணமானது, காது போய்விட்டது. முதலில் காதுக்குள் விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் போன் மணி கேட்கவில்லை. அப்புறம் நாங்கள் பேசுவதும் கேட்கவில்லை. இந்த ஊசியால் காதுக்கு ஆபத்து உண்டு என்று எங்களிடம் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்த ஊசிக்கு மாற்றாக வந்த மாத்திரையின் பெயர் பெடாக்குயிலின். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துடையது. இந்தியாவில் அதன் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியிருந்தது. ஆனால் அதே மருந்தின் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு காப்புரிமை கேட்டிருந்தார்கள். கொடுத்திருந்தால் 2027 வரை வேறு யாரும் இங்கே அதைத் தயாரித்து விற்றிருக்க முடியாது.

அதை எதிர்த்து 2019-இல் மனு போட்டவர்கள் இரண்டு பெண்கள். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த புமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவருக்கும் சிகிச்சையில் காது போனது, என் சித்தப்பாவுக்குப் போன மாதிரியே. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. 2023 மார்ச் 23 அன்று, உலகக் காசநோய் தினத்துக்கு முதல் நாள், காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. அந்த ஆண்டே உலக அளவிலான கொள்முதலில் அந்த மருந்தின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

இது நடக்க நம் காப்புரிமைச் சட்டத்தில் இரண்டு இடங்கள் உதவின. ஒன்று, பலருக்கும் தெரிந்த 3(டி) பிரிவு: பழைய மருந்தின் புது வடிவம் என்றால், அது கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்று காட்டியாக வேண்டும். இன்னொன்று, அதிகம் பேசப்படாத 25(1). காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே ‘எவரும்’ எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது அது. போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. நோயாளி போதும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார் காப்புரிமைச் சட்டம் பற்றி 1959-இல் கொடுத்த அறிக்கையும், அதையொட்டி வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் மக்களின் பக்கம் நின்று யோசித்தவை. 2005-இல் உலக வர்த்தக அமைப்புக்காக மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமையை (தயாரிக்கும் முறைக்கு மட்டுமல்ல, மருந்துக்கே தரும் காப்புரிமையை) திரும்பக் கொண்டுவந்தபோதும், இந்த வாசலை நாடாளுமன்றம் திறந்தே வைத்தது.

2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகள் அங்கேதான் கை வைத்திருக்கின்றன. எதிர்ப்பு மனுவுக்கு முன்பு கட்டணம் கிடையாது, இப்போது உண்டு. மனுவை ஏற்கலாமா, அதில் முகாந்திரம் இருக்கிறதா என்பதைக் காப்புரிமை அதிகாரி முதலில் முடிவு செய்வார். அதைத் தாண்டினால்தான் விஷயத்துக்கே வர முடியும். சட்டத்தில் ‘எவரும்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. விதியில் அதற்கு ஒரு காவலாளியைப் போட்டுவிட்டார்கள்.

பினாமி பெயர்களில் மனுக்களை அடுக்கி வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. சரி, அப்படிச் செய்பவர்களைக் கண்டுபிடித்து அபராதம் போடுங்கள். பணமுள்ள போட்டி நிறுவனத்துக்கு இந்தக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. முகாந்திரத்தை வாதாட அதனிடம் வக்கீல்களும் இருக்கிறார்கள். தடுமாறப் போவது வேலையை இழந்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மனு எழுத உட்காரும் நோயாளிதான்.

நோயாளிகளும் அவர்களுக்காகப் பேசும் அமைப்புகளும் போடும் மனுக்களுக்காவது கட்டணத்தையும் இந்த முதல் கட்ட வடிகட்டலையும் நீக்க வேண்டும் என்று எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவரிடம் எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். இரண்டு தடவை படித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டுக் கொடுத்தார்.