டேப்லெட்டில் ப்ரூஃப் பார்ப்பவர்களுக்கு: நீங்கள் போடும் குறிப்பு எங்கே போய்ச் சேர்கிறது?

டேப்லெட் வாங்கிவிட்டேன், பிடிஎஃப்-இல் குறிப்பு எழுத எந்த ஆப் நல்லது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் என்னைப் போலப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர், ஒருவர் ஆய்வு மாணவி, இன்னொருவர் கல்லூரியில் பாடம் எடுப்பவர். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன், ஆனால் எழுதி முடித்தபோது மூன்று பதிலிலும் அடிப்படையான விஷயம் ஒன்றாகத்தான் இருந்தது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேனா எவ்வளவு வழவழப்பாக எழுதுகிறது, எத்தனை நிறம் இருக்கிறது என்பதை எல்லாம் அப்புறம் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் போடும் குறிப்பு அந்த பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறதா, இல்லை ஆப் தனக்கென்று வைத்திருக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறதா என்பதைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலியானது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பர் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 380 பக்க நாவல் ஒன்று, பதினோரு நாள் அவகாசம். அப்போது நான் பயன்படுத்திய ஆப்பின் பெயர் வேண்டாம், எழுத அருமையாக இருந்தது, காகிதத்தில் எழுதுவது போலவே. வரி வரியாகப் பார்த்து, ஒற்றுப் பிழை, பத்தி உடைந்த இடம், ஒரே பாத்திரத்தின் பெயர் இரண்டு விதமாக வந்த இடம் என்று எல்லாவற்றையும் குறித்து, ஷேர் பொத்தானை அழுத்தி டிசைனருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அவரிடமிருந்து ஒரு வரி: "அக்கா, ஃபைல்ல ஒண்ணுமே இல்லையே." நான் அனுப்பியது சுத்தமான மூலக் கோப்பு. என் குறிப்புகள் எல்லாம் ஆப்புக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. சரி என்று ஏற்றுமதி என்ற இன்னொரு வழியில் அனுப்பினால், ஒவ்வொரு பக்கமும் ஒரு படமாக மாறி, கோப்பு பல மடங்கு பெருத்துப் போயிருந்தது. அவரால் எதையும் தேட முடியவில்லை, எதையும் சொடுக்க முடியவில்லை, என் கையெழுத்தைப் பக்கம் பக்கமாக உருப்பெருக்கிப் படித்துத் திருத்தினார். அதில் பதினான்கு திருத்தங்கள் விடுபட்டன. புத்தகம் அச்சாகி வந்த பிறகு நானே உட்கார்ந்து எண்ணினேன். அந்த எழுத்தாளருக்கு அது முதல் நாவல். இன்றும் அந்தப் புத்தகத்தை அலமாரியில் பார்த்தால் மனசு சுருங்குகிறது.

அதற்குப் பிறகுதான் பிடிஎஃப் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் படித்தேன். 1993இல் அடோபி வெளியிட்ட வடிவம் இது, 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகவே ஆகிவிட்டது. அந்தத் தரத்திலேயே குறிப்புகளுக்கென்று தனி இடம் இருக்கிறது. பக்கத்தின் எழுத்தும் படமும் ஒரு புறம், அதன் மேல் நாம் போடும் ஹைலைட், அடித்தல், ஒட்டுக் குறிப்பு (சொடுக்கினால் திறக்கும் சிறு குறிப்பு), பேனாக் கோடு எல்லாம் தனித்தனிப் பொருளாக இன்னொரு புறம். ஒவ்வொன்றும் எந்த வகை, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கோப்புக்குள்ளேயே பதிவாகும், யார் போட்டது, எப்போது போட்டது என்பதைக்கூட அதிலேயே வைக்க முடியும். இந்த முறையில் எழுதும் ஆப் என்றால், நான் டேப்லெட்டில் போட்ட குறிப்பை டிசைனர் தன் கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்தாலும் வரிசையாகப் பட்டியலாகப் பார்க்கலாம், பார்த்ததை முடித்ததாகக் குறிக்கலாம். 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, டிசைனர்கள் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனே பிடிஎஃப் குறிப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோப்பு அதே தலைமுறை இன்டிசைனில் உருவானதாக இருந்தால், குறிப்பைச் சொடுக்கினால் நேராக அந்த வரிக்கே போய் நிற்கும். பேனாவால் ஓரத்தில் கிறுக்கினால் அதைப் படித்துப் புரிந்துகொண்டு திருத்தும் வேலை அவருக்கே. அடித்தல், ஒட்டுக் குறிப்பு இரண்டும்தான் டிசைனருக்கு உண்மையான உதவி.

கோட்டையும் குறிப்பையும் பக்கத்தோடு சேர்த்து ஒட்டிவிடுவதை ஃப்ளாட்டன் செய்வது என்பார்கள். அதற்கும் தேவை இருக்கிறது, திருத்திய விடைத்தாளை மாணவருக்கு அனுப்பும்போது மதிப்பெண்ணை யாரும் நகர்த்தக் கூடாது அல்லவா. ஆனால் நாம் கேட்காமலே, நமக்குச் சொல்லாமலே அப்படிச் செய்யும் ஆப் நம் வேலைக்கு ஆகாது.

இப்போது தமிழ். இதைப் பற்றி ஆங்கில விமர்சனங்களில் ஒரு வரிகூட இருக்காது, அதனால்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் பதிப்பகங்களில் பல இன்னும் பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில்தான் பக்கம் கட்டுகின்றன. அந்தக் கோப்பில் ஒரு சொல்லை ஹைலைட் செய்தால் சரியான இடத்தில்தான் மஞ்சள் விழும், ஏனென்றால் ஹைலைட் என்பது பக்கத்தில் எங்கே என்ற அளவுதான். ஆனால் அந்தச் சொல்லை நகலெடுத்துக் குறிப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல் வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் செய்ததாக இருந்தால் புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி வந்து நிற்கும். யூனிகோடிலேயே செய்த கோப்பாக இருந்தாலும் தப்பிக்க முடியாது, 'கொடி' என்பதை நகலெடுத்தால் கொம்பு தனியாகப் பிரிந்து முன்னால் வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகள் கோப்பில் அடுக்கப்பட்டிருப்பதால் வரும் கோளாறு அது. ஆகவே ஹைலைட் செய்ததை எல்லாம் தானாகத் தொகுத்துத் தருகிறோம் என்று சொல்லும் வசதியை நம்பித் தமிழ்க் கோப்புக்கு ஆப் வாங்காதீர்கள். சரியான சொல்லை நீங்களே குறிப்பில் தட்டச்சு செய்யுங்கள்.

எங்கே தட்டச்சு செய்கிறோம் என்பதும் முக்கியம். பக்கத்தின் மேலேயே எழுத்துப் பெட்டி போட்டு எழுதினால், அதை வரைந்து கோப்பில் வைக்கும் பொறுப்பு அந்த ஆப்புடையது. தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத ஆப்பாக இருந்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், சில நேரம் வெறும் கட்டம் கட்டமாகவும் வரும். ஒட்டுக் குறிப்பில் எழுதினால் அது வெறும் யூனிகோட் எழுத்தாகக் கோப்பில் போய்ச் சேரும், திறப்பவரின் கணினியில் இருக்கும் எழுத்துருவில் தெரியும். இது தெரிந்த நாளிலிருந்து நான் எழுத்துப் பெட்டியைத் தொடுவதே இல்லை.

ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் கதை வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கும் நூல்களில் பக்கம் என்பது பெரும்பாலும் ஒரு படம்தான், சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அங்கே பேனாவால் கோடு போடுவதுதான் வழி, கையெழுத்து நன்றாக வரும் ஆப்பைத் தேடுவதில் அர்த்தமும் இருக்கிறது.

சரி, ஆப்களுக்கு வருகிறேன். நான் மெய்ப்புக்குப் பயன்படுத்துவது அக்ரோபாட் ரீடரின் இலவசப் பதிப்பு. ஹைலைட், அடித்தல், ஒட்டுக் குறிப்பு, பேனா நான்கும் காசில்லாமல் கிடைக்கின்றன, எல்லாம் கோப்புக்குள்ளேயே போகின்றன. எழுதுவதற்கு அவ்வளவு சுகம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெய்ப்பில் நான் எழுதுவது குறைவு, அடிப்பதும் தட்டச்சு செய்வதும்தான் அதிகம். வகுப்புக் குறிப்பு, சொந்தப் படிப்பு என்றால் சாம்சங் டேப்லெட்டோடு வரும் சாம்சங் நோட்ஸ் போதும், பேனாவும் பெட்டியிலேயே வருகிற எஸ்6 லைட் மாதிரி மாடல் என்றால் தனியாகச் செலவும் இல்லை. ஆனால் அது தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஆய்வு மாணவிக்கு, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் ஜோடெரோ என்ற மென்பொருளைச் சொன்னேன். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அதிலேயே பிடிஎஃப் படித்துக் குறிப்பு எழுதலாம், குறிப்பைப் பக்க எண்ணோடு மேற்கோளாக எடுத்துக்கொள்ளலாம். அதுவும் குறிப்பைத் தன் தரவுத்தளத்தில்தான் வைக்கிறது, கோப்பில் இல்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்கிறது, கோப்புக்குள் பதித்து ஏற்றுமதி செய்யும் வழியும் தருகிறது, திறந்த மூலமும்கூட. இப்படி இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஐபேடில் குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி இரண்டையும் பலர் விரும்புகிறார்கள், விரும்பும்படிதான் இருக்கின்றன. ஆனால் 2021 நவம்பரில் நடந்ததை நினைவில் வையுங்கள். நோட்டபிலிட்டி சந்தா முறைக்கு மாறியது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் ஓராண்டுதான் என்று முதலில் அறிவித்தார்கள், பயனர்கள் கொதித்த பிறகு பழைய வாடிக்கையாளர்களுக்கு வசதிகளை அப்படியே விட்டுவைத்தார்கள். அவர்கள் பின்வாங்கியது நல்லது, ஆனால் எல்லா நிறுவனமும் பின்வாங்கும் என்று எழுதிவைக்கவில்லை. உங்கள் ஐந்து வருடக் குறிப்புகள் ஒரு ஆப்புக்குள் மட்டும் இருந்தால், அடுத்த விலையை முடிவு செய்வது அவர்கள்தான்.

எந்த ஆப் ஆனாலும் காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்துபாருங்கள், பத்து நிமிடம்தான். ஒரு தமிழ் பிடிஎஃப் எடுத்து ஒரு ஹைலைட், ஒரு அடித்தல், தமிழில் ஒரு ஒட்டுக் குறிப்பு, பேனாவால் ஒரு வரி போடுங்கள். கோப்பைக் கணினிக்கு அனுப்பி, வேறு நிறுவனத்தின் மென்பொருளில் திறந்துபாருங்கள், லினக்ஸ்காரர்கள் ஒகுலாரில் திறக்கலாம். நான்கும் தெரிகின்றனவா, ஹைலைட்டைத் தனியாகச் சொடுக்கி அழிக்க முடிகிறதா, குறிப்பில் 'கொ', 'கை', 'கௌ' சரியாக இருக்கின்றனவா, கோப்பின் அளவு திடீரென்று வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அழிக்க முடியவில்லை என்றால் ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, வெளிவராத கையெழுத்துப்படியைக் கையாள்பவர்களுக்கு மட்டும். பல ஆப்கள் கேட்காமலே கோப்பை மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றுகின்றன, இப்போது சுருக்கித் தருகிறேன், விளக்கித் தருகிறேன் என்று ஏஐ உதவியாளரும் வந்துவிட்டது. அது என் கோப்பு இல்லை, ஒரு எழுத்தாளர் நம்பிக் கொடுத்தது. அமைப்புகளில் போய் இரண்டையும் நிறுத்திவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குகிறேன்.

இப்போதெல்லாம் புதிய புத்தகம் வந்தால் முதல் எட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்து, குறிப்போடு டிசைனருக்கு அனுப்பிவிடுகிறேன். எத்தனை குறிப்பு தெரிகிறது என்று அவர் எண்ணிச் சொல்வார், என் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால்தான் ஒன்பதாம் பக்கத்தைத் திறக்கிறேன்.