பயோட்டின் வெடித்த குளம்பை ஒட்டவைக்காது

"பயோட்டின் என்ற பி வைட்டமினை ஒரு மாதம் கொடுத்தால் போதும், குதிரையின் வெடித்த குளம்பு ஒட்டிக்கொள்ளும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி, ஒரு டப்பா காலியானதும் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி; வளர்ந்து இறங்கிய பகுதிக்கு உயிர் கிடையாது. எதைத் தின்னக் கொடுத்தாலும் அந்த வெடிப்பு ஒட்டாது. மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில் புதிதாக முளைப்பதுதான் கெட்டியாக வரும். அது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்குகிறது. முன்நுனி தரையை எட்ட 9 முதல் 12 மாதம் ஆகிவிடும்.

லிப்பிசானர் என்ற ஐரோப்பிய இனக் குதிரைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் முன்னேற்றம் தெரிய 9 மாதம் பிடித்தது. அப்புறம், இன்னொரு ஆய்வில் பயோட்டினைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பல குதிரைகளின் குளம்பு மறுபடி மோசமானது. இதை யாரும் சொல்வதில்லை!

500 கிலோ குதிரைக்குத் தினம் 15 முதல் 20 மில்லிகிராம் என்பதுதான் வழக்கமான அளவு. டப்பாவில் பெரிய எழுத்தில் 'பயோட்டின் சேர்த்தது' என்று இருந்தாலும், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். குதிரையின் பெருங்குடல் கிருமிகளே பயோட்டின் தயாரிக்கின்றன. அதனால் எல்லாக் குதிரைக்கும் கூடுதலாகத் தேவைப்படாது. துத்தநாகமோ தாமிரமோ குறைந்திருந்தால் பயோட்டின் மட்டும் உதவாது. சீவிவிடாமல் நீண்ட குளம்பும் வெடிக்கத்தான் செய்யும். நொண்டினால் டப்பாவைத் தேடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.