மூன்றரைப் புத்தகம்

மாதக் கடைசி வந்தால் போதும், "இந்த மாதம் 14 புத்தகம் முடித்தேன்" என்று சமூக வலைத்தளத்தில் அட்டைப்படங்களை அடுக்கிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது, மறைப்பானேன்? என் கணக்கு மூன்றரை. அந்த அரை, பணம் சேர்ப்பது எப்படி என்று சொல்லும் ஒரு புத்தகம். வெளியில் காபி குடிப்பதை நிறுத்தச் சொன்ன இடத்தில் மூடிவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

மாதத்தில் பாதியைத் தின்றது, பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் ஆரம்பித்துக் கிட்டத்தட்ட சாகும்வரை எழுதிய மனிதர். நான் படித்தது ஒரு தொகுதிதான். கப்பல் வந்தது, பீரங்கி போட்டார்கள், யாருக்கு என்ன வெகுமானம் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். முதல் ஐம்பது பக்கம் கொட்டாவிதான். பிறகு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் மனைவி மேல் அவருக்குள்ள கடுப்பு பிடிபட்டதும் கீழே வைக்க முடியவில்லை. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். பிள்ளை கவர்னரிடம் நேரே பேசக்கூடிய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அவராலும் அதைத் தடுக்க முடியவில்லை. ஆற்றாமையை எழுதி வைக்கத்தான் முடிந்தது.

அந்த எழுத்து பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணில் பட்டது 1846இல். 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது 1904 முதல் 1928 வரை. தமிழில் எழுதியது தமிழில் அச்சேற அதற்குப் பிறகும் காத்திருந்தது!

அடுத்தது உ.வே.சாமிநாதையரின் சுயசரிதை 'என் சரித்திரம்'. பள்ளிப் பாடத்தில் துண்டு துண்டாகப் படித்ததுதான். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. என் வயிற்றெரிச்சல் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் தணிந்தது. எண்ணிக்கையை வைத்து முதலியாரிடம் ஒன்றும் நடக்கவில்லையே! ஆனால் அந்தக் குத்தலை மனதில் வாங்கி, 1887இல் சிந்தாமணியையே அச்சிட்டுக் கையில் கொடுத்தவர் உ.வே.சா. நாமாக இருந்தால் முதலியாரை அன்றே பிளாக் செய்திருப்போம்.

ப. சிங்காரத்தின் நாவல் 'புயலிலே ஒரு தோணி' எனக்கு மூன்றாவது வாசிப்பு. இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் ஜப்பான் படை நுழைகிறது. நாயகன் பாண்டியன் மனசிலோ மதுரைத் தெருக்களும் சின்னமங்கலம் சந்தையும். எழுதி முடித்துப் பத்து வருஷம் கழித்து, 1972இல்தான் புத்தகமாக வந்தது. அதற்கப்புறம் அவர் நாவலே எழுதவில்லை. இந்த முறை பாண்டியனை விட்டுவிட்டு, வட்டிக்கடைகளில் அடுத்தாட்களாக, அதாவது உதவியாட்களாக, இருந்த பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாசிப்பில் எனக்கும் அந்த வயசு, அவர்கள் கண்ணில் படவே இல்லை.

பிள்ளைவாள் தொகுதிக்கு நூலகத்தில் தவணை முடிந்து நாலு நாளாகிறது. திங்கட்கிழமை அபராதம் கட்டிவிட்டு அடுத்ததைக் கேட்க வேண்டும். அலமாரியில் இருந்தால் சரி.